பச்சை விளக்கின் சாட்சியம்

தொழில் நியாய சபையில் முதலாளி தரப்பு ஆவணங்களுக்கு ‘ஆர்’ என்றும் தொழிலாளி தரப்பு ஆவணங்களுக்கு ‘ஏ’ என்றும் குறியிடுவது வழக்கம். 2011ஆம் ஆண்டு கண்டியில் நான் ஆஜரான வழக்கொன்றில் ஆர் 7 என்பது கணினிப் பதிவொன்றின் அச்சுப்பிரதி. ஓர் இரவு முழுவதும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘ஓகே’. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் அன்றிரவு ஒரு குறையுமில்லாமல் ஓடின என்பதற்கு இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டது தோட்ட நிர்வாகம். இயந்திரத்தில் பிழை இல்லை. கொழுந்தோ கெட்டுப்போயிற்று. ஆகவே பிழை ஆளில்தான். அதற்காக வேலைநீக்கப்பட்ட அந்த ஆள் என் கட்சிக்காரர்.

தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரவும் அந்தப் பக்கம்தான். ஸ்டோர் எனப்படும் அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் பல வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள். தகரக் கூரை, வரிசை வரிசையாய் ஜன்னல், பலகை போட்ட மேல்மாடி எல்லாம் அப்படியே இருக்கின்றன. உள்ளே மட்டும் கடந்த இருபது, முப்பது வருடங்களில் கம்பிகளும் பெட்டிகளும் குடியேறியிருக்கின்றன.

வழக்கு விளங்க வேண்டுமானால் கொழுந்து வாட்டுவது என்னவென்று தெரிய வேண்டும். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அந்த ஈரம் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கினால்தான் ரோலரில் போட்டு உருட்டலாம். அதற்காக நீண்ட தொட்டிகளில் வலை கட்டி, அதன்மேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றை ஊதுவார்கள். பெரும்பாலும் இரவு முழுக்க நடக்கும் வேலை. பறித்த பிறகும் இலை சாவதில்லை. மூச்சுவிடுகிறது, சூடு விடுகிறது. காற்று நின்றால் அந்தச் சூடு அடுக்குக்குள்ளேயே தங்கி, இலை வெந்து சிவந்துவிடும். சிவந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. சுமார் நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்பது ஸ்டோர்க் கணக்கு. நாலு தொட்டிக் கொழுந்து கெட்டால் எவ்வளவு போகும் என்று நிர்வாகம் தனியாக ஒரு தாளில் கணக்குப் போட்டு அதையும் தாக்கல் செய்திருந்தது.

அந்த ஸ்டோரில் விசிறி ஒவ்வொன்றுக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் ஒன்று பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. ஆறு டிரைவையும் ஒரு கம்பி இணைத்தது. அந்தக் கம்பி ‘கேட்வே’ எனப்படும் சிறு கருவிக்குப் போய், அங்கிருந்து தொழிற்சாலை அதிகாரியின் அறைக் கணினிக்குப் போனது. விசிறி இழுக்கும் மின்னோட்டம், காற்றின் வெப்பம், ஈரம் எல்லாம் திரையில் தெரியும். ஒவ்வொரு விசிறிக்கும் ஒரு வட்டம். பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் கோளாறு. இந்த ஏற்பாட்டைக் கொழும்புக் கம்பனியொன்று விற்றிருந்தது. அது வந்த பிறகு இரவு வேலைக்கு எலெக்ட்ரீஷியன் தேவையில்லை என்று தீர்மானித்தார்கள். பெட்டியின் திறப்பு அவரிடமே. அவர் வீட்டில். ‘பெட்டியைத் தொடாதே, திரையைப் பார்’ என்று மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அந்த அறிவித்தலின் நிழற்படம் எங்கள் ஏ 3.

என் கட்சிக்காரருக்கு இருபது வருடத்துக்கு மேற்பட்ட சேவை. கொழுந்துச் சாக்கு தூக்க வந்து, பிறகு வாட்டுமாடிக்குப் பொறுப்பாகும் அளவுக்கு உயர்ந்தவர். குற்றப்பத்திரத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, சூட்டுக் காற்றைத் திறந்துவிட்டுத் தூங்கியது. மற்றது, அதை மறைக்க இரவுப் புத்தகத்தில் பொய்க் குறிப்பு எழுதியது. அந்தக் குறிப்பு தமிழில், பென்சிலில் இருந்தது. 1.05க்குக் கரண்ட் போய் வந்தது, விசிறி ஓடவில்லை, பெட்டி பூட்டு, எலெக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்பியாயிற்று, கொழுந்து கிளறுகிறோம். விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஆர் 7இன்படி 1.05க்குக் கரண்ட் போகவேயில்லை. 1.35க்குத்தான் ஒரு கணம் போய் வந்தது. அதன் பிறகும் விசிறிகள் விடியும்வரை ஓடின.

முதல் நாள் என் அறைக்கு வந்தவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “ஐயா, ஃபேன் நின்னா காதுக்குத் தெரியாதுங்களா? ஸ்டோரே செத்த மாதிரி ஆயிரும். நான் போய்ப் பாத்தேன், ஸ்கிரீன்ல பச்சையாத்தான் இருந்துச்சு. பச்சையா இருக்கிறப்ப பெட்டிய ஒடச்சா அதுக்கும் என்னையத்தான கேப்பாங்க?” அவரும் உடனிருந்த இருவரும் விடியும்வரை கையால் கொழுந்தைக் கிளறி இரண்டு தொட்டியைக் காப்பாற்றியிருந்தார்கள். நாலு தொட்டி போயிற்று. உள்ளக விசாரணையில் அந்த இருவரையும் யாரும் கூப்பிடவில்லை.

வேலைநீக்கத்தை நிர்வாகம் ஒப்புக்கொண்டால் அதை நியாயப்படுத்தும் சுமை நிர்வாகத்தின் தலையில் விழும். சாட்சிகளையும் அவர்களே முதலில் கூப்பிட வேண்டும். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் நியாய சபை சாட்சியக் கட்டளைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. ‘நீதியும் ஒப்புரவும்’ எதுவோ அதைப் பார்த்துக் கட்டளையிடும். தொழிலாளிக்கு இது நன்மை என்று எல்லோரும் சொல்வார்கள். பல வழக்கில் உண்மைதான். இந்த வழக்கில் அது எனக்குக் கதவை அடைத்தது. மாவட்ட நீதிமன்றமாக இருந்தால் ஆர் 7ஐ உள்ளே விடலாமா என்பதிலேயே ஒரு நாள் வாதாடியிருப்பேன். இங்கே அது சும்மா உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே தள்ள வழியில்லை. உள்ளிருக்கும்போதே அது ஒன்றுக்கும் உதவாது என்று காட்ட வேண்டும்.

பேராதனையில் பொறியியல் படித்து, மின்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கட்டுகஸ்தோட்டையில் இருந்தார். என் தகப்பனாருக்குப் பழக்கம். ஆர் 7ஐ அவரிடம் கொண்டுபோனேன். கடைசிப் பத்தியிலிருந்த ‘ஓகே’யை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மின்னோட்டப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே கொண்டுவந்தார். 11.2, 11.5, 11.3, 11.6 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்த எண், 1.35க்குப் பிறகு 11.4. அடுத்த வரியும் 11.4. அதற்கடுத்ததும் 11.4. காலை 5.50வரை ஐம்பதுக்கு மேற்பட்ட வரிகளில் தசமமும் மாறாத அதே எண். ஆறு விசிறிக்கும் அப்படியே, அதனதன் எண்ணில் உறைந்து. காற்றின் ஈரமும் வெப்பமும்கூட அசையவில்லை. மலையில் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் குளிர் மாறாமல் இருந்த இரவு உண்டா என்று கேட்டார். உயிரோடிருக்கிற மோட்டார் ஒன்று நாலு மணித்தியாலம் ஒரே அளவு மின்சாரம் இழுக்காது, தம்பி, வோல்டேஜ் ஏறி இறங்கும், இலை காயக் காயக் காற்றுக்கு வழி கூடும், எண் ஆடியே தீரும் என்றார்.

பிறகு அவர் விளக்கியதை என் கட்சிக்காரருக்கு நான் சொன்னபோது, என்னைவிடச் சீக்கிரம் அவர் பிடித்துக்கொண்டார். கணினி விசிறியிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்வேயிடம்தான் கேட்கிறது. கேட்வே பதில் சொன்னால் பச்சை. கணினிக்கும் கேட்வேக்கும் யூ.பி.எஸ். இருந்தது, டிரைவ்களுக்கு இல்லை. கரண்ட் ஒரு கணம் போனதும் டிரைவ்கள் நின்று, யாராவது வந்து பொத்தானை அழுத்தட்டும் என்று காத்திருந்தன. அவற்றுக்கும் கேட்வேக்கும் இடையிலிருந்த தொடர்பும் அறுந்துபோயிற்று. ஆனால் கேட்வே விழித்தேயிருந்தது. புதிய தரவு வராதபோது, கடைசியாகத் தெரிந்த தரவையே கேட்டவருக்குக் கேட்டபடி கொடுத்துக்கொண்டிருந்தது. “பெரட்டுக்களத்துல வராதவன் பேருக்கு இன்னொருத்தன் ‘இருக்கேன்’னு குரல் குடுக்கிற மாதிரிங்களா?” என்றார் அவர். அதேதான்.

இது அந்தக் கம்பனி தானாகக் கண்டுபிடித்த கோளாறல்ல. அந்தக் கம்பியில் சாதனங்கள் பேசிய ‘மொட்பஸ்’ என்ற முறை 1979இல் வந்தது. மிக எளிமையானது, இன்றும் உலகெங்கும் தொழிற்சாலைகளில் ஓடுவது. அதில் எண் மட்டும்தான் வரும். அந்த எண் எப்போது அளந்தது, நம்பத்தக்கதா இல்லையா என்ற குறிப்பு எதுவும் கூட வராது. பிற்காலத்து முறைகள் சிலவற்றில் ஒவ்வொரு அளவோடும் நேரமும் ‘நல்லது, கெட்டது, சந்தேகம்’ என்ற தரமும் சேர்ந்து வரும். பழைய முறையை வைத்துக்கொண்டே பிழைக்கவும் வழியுண்டு. சாதனத்துக்குள் சில விநாடிக்கொரு முறை ஒன்று கூடும் எண்ணி ஒன்றை வைத்து, அது கூடுகிறதா என்று கணினியைப் பார்க்கச் செய்வது. இதயத்துடிப்பு என்பார்கள். எண்ணி நின்றால், மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரை சிவக்க வேண்டும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை. அந்த ஸ்டோரில் அது இல்லை.

கட்டுகஸ்தோட்டைப் பெரியவர் என்னிடம் கொடுத்தனுப்பிய இன்னொன்று, 2003 ஆகஸ்ட் 14இல் வட அமெரிக்காவில் சுமார் ஐந்து கோடிப் பேர் இருளில் மூழ்கியது பற்றி அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை. ஒஹாயோவில் ஒரு மின் கம்பனியின் கட்டுப்பாட்டு அறையில் பிற்பகல் 2.14 அளவில் எச்சரிக்கை மென்பொருள் ஸ்தம்பித்துவிட்டது. ஸ்தம்பித்தது என்று சொல்ல இன்னொரு எச்சரிக்கை அங்கில்லை. ஆகவே சத்தமே இல்லை. சத்தம் இல்லாததால் எல்லாம் சரி என்று அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். மின்பாதைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. நாலு மணி தாண்டியதும் எல்லாம் அணைந்தது. அங்கே படித்த இயக்குநர்கள் திரையை நம்பினார்கள். எங்கள் மலையில் திரையை நம்பாமல் காதை நம்பிய ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

மென்பொருளை விற்ற கம்பனியின் இளைஞர் ஒருவரை நிர்வாகம் சாட்சிக்கு அழைத்திருந்தது. நேர்மையான பையன். நான் கேட்டதற்கெல்லாம் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார்.

“இந்தப் பச்சை எதைச் சொல்கிறது?”

“சாதனம் இணைப்பில் இருக்கிறது என்பதை.”

“எந்தச் சாதனம்?”

“கேட்வே.”

“விசிறி ஓடுகிறதென்று சொல்கிறதா?”

“விசிறியின் தரவு கேட்வே ஊடாகத்தான் வரும்.”

“கேட்வேக்குத் தரவு வராவிட்டால்?”

கொஞ்சம் யோசித்தார். “கடைசியாக வந்ததைக் கொடுக்கும்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“அடுத்தது வரும்வரைக்கும்.”

அதன்பிறகு 1.35இலிருந்து முதலாம் விசிறியின் மின்னோட்டத்தை வரி வரியாக வாசிக்கச் சொன்னேன். நடவடிக்கை சிங்களத்தில், அச்சுப்பிரதி ஆங்கிலத்தில், என் கட்சிக்காரருக்காக மொழிபெயர்ப்பாளர் தமிழில். பதினொன்று தசம் நாலு, பதினொன்று தசம் நாலு என்று இரண்டு மொழியில் மாறி மாறி ஒலித்தது. பத்துப் பன்னிரண்டு வரிக்குப் பிறகு சபைத் தலைவர் பேனாவை வைத்துவிட்டு, போதும் என்றார்.

எஞ்சியது அந்த அரை மணித்தியாலம். புத்தகத்தில் 1.05, கணினியில் 1.35. விசிறி நின்றது உண்மையென்றாலும், நேரத்தைப் பொய்யாக எழுதியவன் பிறகு உட்கார்ந்து எழுதியவன்தானே என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. இங்கே காவற்காரரின் புத்தகம் கைகொடுத்தது. அவர் சிங்களத்தில், தன் கையெழுத்தில், அதே 1.05ஐ எழுதியிருந்தார். இரண்டு மனிதர்கள், இரண்டு மொழியில், ஒரே நேரம். அப்படியானால் பிழை கணினியின் கடிகாரத்தில்தான் என்று தேடினோம்.

1996ஐ நினைவிருக்கும் வாசகர்களுக்கு இது விளங்கும். வரட்சியும் மின்வெட்டும் வந்த அந்த வருடம் மே மாதத்தில் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். அப்படி கிரீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன்னால் பத்து வருடம் நின்றோம். பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுக் கேட்டே முகூர்த்தம் குறித்த காலம். 2006 ஏப்ரல் 15, புதுவருடத்துக்கு மறுநாள், ஐந்தரைக்கே திரும்பினோம். மனிதர்கள் திரும்பினார்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் ‘ஸ்ரீ ஜயவர்த்தனபுர’ என்ற நேர வலயம், திருத்தத்தை இறக்கிக்கொள்ளாதவரை, ஆறு மணித்தியாலத்திலேயே நின்றது. அதிகாரியின் அறை மூலையிலிருந்த கணினி அப்படிப்பட்டது. நேரத்தை இணையத்திலிருந்து சரியாக வாங்கி, அதன்மேல் அரை மணித்தியாலத்தைக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தது. சுவரில் கடிகாரம் இருந்ததால் கணினியின் மூலையை யாரும் கவனிக்கவில்லை. தொழிற்சாலை அதிகாரியிடம் இதைக் கேட்டபோது, தன் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த தவணையில் சொல்வதாகச் சொன்னார். அடுத்த தவணையில் ஒப்புக்கொண்டார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

எலெக்ட்ரீஷியனை நிர்வாகம் சாட்சிக்கு அழைக்கவேயில்லை. விடிந்ததும் பெட்டியைத் திறந்து டிரைவ்களை மறுபடி இயக்கியவர் அவர்தான் என்பது ஸ்டோர் முழுக்கத் தெரியும். கொடுத்திருக்கக்கூடிய சாட்சியத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தால், அது கொடுக்காதவருக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் (எஃப்) உதாரணம் அது. சபை அச்சட்டத்துக்குக் கட்டுப்படாவிட்டாலும், அதிலுள்ள பொதுப்புத்திக்கு யாரும் விலக்களிக்கவில்லை என்றேன். தலைவர் சிரித்தார்.

கணினிச் சாட்சியம் பற்றி இலங்கைச் சட்டம் எடுத்த திருப்பம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சியம் (சிறப்பேற்பாடுகள்) சட்டம் கணினிப் பதிவைக் கொண்டுவருபவரிடம், அந்தக் கணினி உரிய காலம் முழுக்கச் சரியாக இயங்கியது என்று காட்டச் சொன்னது. 45 நாள் முன்னறிவித்தல், எதிர்த்தரப்பு வந்து பரிசோதிக்கும் உரிமை எல்லாம் அதில் இருந்தன. வங்கிகளுக்கும் வணிகர்களுக்கும் அது பெரிய தலையிடி. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வந்து, தன் எல்லைக்குள் வரும் பதிவுகளுக்குப் பழைய சட்டத்தை விலக்கியது. மறுதலை நிரூபிக்கப்படும்வரை அப்பதிவின் உள்ளடக்கம் உண்மை என்று நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்றது. வணிகத்துக்கு இது நல்லதாக இருக்கலாம். மறுதலையை நிரூபிக்க வேண்டியவர் லயத்தில் இருக்கிறார், கணினி அதிகாரியின் அறையில் இருக்கிறது. 1995இன் கேள்விதான் சரியான கேள்வி என்பது என் கட்சி. ஆர் 7ஐப் பொறுத்தவரை தொகுப்புரையில் நான் கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான்.

இங்கிலாந்திலும் இதே வழிதான் நடந்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 69ஆம் பிரிவு கணினி சரியாக இயங்கியதென்று காட்டச் சொன்னது. 1999இல் இயற்றிய சட்டம் அதை நீக்கியது. இயந்திரம் சரியாகவே இருந்திருக்கும் என்ற ஊகம் மிஞ்சியது. அந்த ஊகத்தின் நிழலில் ‘ஹொரைசன்’ என்ற மென்பொருள் காட்டிய பற்றாக்குறைக்காக 900க்கு மேற்பட்ட உபதபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். நம் தெற்காசியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி பிரேசர், அந்த மென்பொருளின் பிழைகளைப் பக்கம் பக்கமாக எழுதித் தீர்ப்பளித்தார். 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித்தான் அந்தக் குற்றத்தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றை ரத்துச்செய்ய முடிந்தது. 2011இல் எனக்கு இவை தெரிந்திருந்தால் தொகுப்புரை இன்னும் நீண்டிருக்கும்.

ஆனால் கட்டளை எதுவும் வரவில்லை. இரு தரப்புத் தொகுப்புரைக்கும் பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு தவணை கேட்டார். நடைக்கூடத்தில் என்னிடம் வந்து, என்ன வேண்டும் என்று சொல்லுங்கள் என்றார். மீண்டும் வேலை, சேவை முறிவின்றி, பின்சம்பளத்தில் ஒரு பகுதி, வேலைநீக்கக் கடிதம் வாபஸ். இணக்கம் பதிவாயிற்று. எனக்கு அரை மனம். கட்டளை ஒன்று வந்திருந்தால், பச்சை விளக்கு எதற்குச் சாட்சி எதற்குச் சாட்சியில்லை என்று ஒரு தாளிலாவது எழுதியிருக்கும். நிர்வாகம் மேன்முறையீடு செய்தால் மாகாண மேல் நீதிமன்றமும் சொல்லியிருக்கும். மேன்முறையீட்டுக்கு எத்தனை வருடம் போகும் என்று கட்சிக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் இணக்கத்துக்குக் கையெழுத்து வைத்தார்.

அவருக்கு முக்கியம் சேவை முறியாமல் இருப்பது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்குப் பதினான்கு நாட்சம்பளம் சேரும். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, முதலாளியின் பொருளுக்கு நட்டம் விளைவித்ததற்காக விலக்கப்பட்டவர் அந்த நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை இழப்பார். நாலு தொட்டிக் கொழுந்தின் விலையைப் போட்ட தாளை நிர்வாகம் எதற்காகத் தாக்கல் செய்தது என்பது எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. இணக்கத்தில் அந்தத் தாளையும் பெயர் சொல்லி வாபஸ் வாங்கச் செய்தேன்.

சில வருடங்களுக்குப் பிறகு புசல்லாவைப் பக்கத்து நிர்வாகமொன்று தங்கள் வேலைநீக்க வழக்குக்கு என்னை அமர்த்தியது. கோப்பின் மேலே ஒரு கணினி அச்சுப்பிரதி. இதயத்துடிப்புப் பத்தி எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லையே, எல்லாம் பச்சைதானே என்றார் முகாமையாளர். அதைத் தாக்கல் செய்ய வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.